கைகுலுக்கிய பிறகு: கொழும்பில் ஒரு சதுரங்கப் பயணம்

வியாழன்

நாளை மாலை பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தொடங்கவிருக்கும் ஆறு சுற்றுத் திறந்த சதுரங்கப் போட்டியில் விளையாடுவதற்காக இன்று விடியற்காலையில் கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்து வந்த உடம்புடன் அன்றைக்கே பலகையின் முன் அமர்வது எனக்கு ஒத்துவராது என்பதால், ஒரு நாள் முன்னதாகவே வந்து வெள்ளவத்தையில் மாமியின் வீட்டில் தங்குவது வழக்கமாகிவிட்டது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. ஒழுங்கை முடியும் இடத்தில் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல்.

இடியப்பமும் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்த மாமி, ஒவ்வொரு முறையும் கேட்பதையே இம்முறையும் கேட்டார். “எத்தினை வருசமா விளையாடுறாய் பிள்ளை, இன்னும் என்ன மிச்சம் கிடக்கு?” அவர் அன்போடுதான் கேட்கிறார். நான் சதுரங்கப் பட்டம் பெற்ற ஆட்டக்காரி அல்ல, இனி அப்படி ஆகப்போவதும் இல்லை. பரிசுப் பட்டியலில் என் பெயர் வருவதும் அரிது. கணித ஆசிரியை ஒருத்தி விடுமுறை நாட்களைச் செலவழித்து, சம்பளத்தில் ஒரு பகுதியை நுழைவுக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் கொடுத்து, தன் வயதில் கால்வாசியும் நிரம்பாத பிள்ளைகளோடு மணிக்கணக்கில் மௌனமாக உட்கார்ந்திருப்பதன் பொருள் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. இந்த நாட்குறிப்பை அதற்கான பதிலாகவே எழுத நினைக்கிறேன்.

இந்த ஆட்டத்தை நான் கற்றது 1990களின் யாழ்ப்பாணத்தில். மின்சாரம் இல்லாத காலம் அது. மின்கலங்கள்கூடப் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், சாவி கொடுத்து முடுக்கும் பழைய கடிகாரத்தை நடுவில் வைத்து விளையாடினோம். புத்தகங்கள் கைக்குக் கைமாறி, ஏடு ஏடாகக் கழன்ற நிலையில்தான் வந்து சேரும். ஆகவே ஓர் ஆட்டம் முடிந்தால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. வென்றவரும் தோற்றவரும் சுற்றி நின்று பார்த்தவர்களுமாகச் சேர்ந்து, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று இரவு நெடுநேரம் காய்களை நகர்த்திப் பார்ப்போம். எங்களுக்குப் பயிற்சியாளர் என்று ஒருவர் இருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தவரே ஆசிரியர். இன்றும் நான் போட்டிகளைத் தேடிப் போவதற்கு முதன்மையான காரணம், கைகுலுக்கிய பிறகு தொடங்கும் அந்தப் பகுதிதான்.

வெள்ளி

மாலை மூன்று மணிக்கு 100ஆம் இலக்கப் பேருந்தில் பம்பலப்பிட்டிக்குப் போனேன். பெயர்களைச் சரிபார்க்கும் மேசையில் கைத்தொலைபேசிகளை உறையிலிட்டு ஒப்படைக்க வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டு துபாயில் நடந்த போட்டியொன்றில் ஜோர்ஜிய கிராண்ட்மாஸ்டர் ஒருவர் கழிப்பறையில் மறைத்து வைத்த தொலைபேசியுடன் பிடிபட்டதை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கடுமையாகத் தோன்றாது. பாடசாலைப் பிள்ளைகளே பெரும்பான்மை. அவர்களுடைய தாய்மார் தண்ணீர்ப் போத்தல்களோடும் சிற்றுண்டிப் பெட்டிகளோடும் விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னை இளைஞர் குகேஷ் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆன பிறகு, தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை இத்தகைய மண்டபங்களில் கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

போட்டி சுவிஸ் முறையில் நடக்கிறது. 1895ஆம் ஆண்டு சூரிச்சில் முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட இந்த முறையில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். முதற்சுற்றில் மட்டும் தரவரிசையின் மேற்பாதி கீழ்ப்பாதியோடு இணைக்கப்படும். நூறு பேர் விளையாடினால் முதலாமவருக்கு ஐம்பத்தோராமவர், ஐம்பதாமவருக்கு நூறாமவர் என்று அமையும். என்னைப் போலப் பட்டியலின் நடுவில் இருப்பவருக்கு இதனால் ஒரு சுற்றில் மிக இளையவரும் அடுத்த சுற்றில் மிக வலியவரும் மாறி மாறி வருவார்கள். அனுபவசாலிகள் பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள்; எனக்கு இது பிடித்திருக்கிறது.

இன்றைய எதிராளி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த, பத்து வயதைத் தாண்டாத ஒரு சிறுமி. கறுப்புக் காய்களோடு நான் நெடுங்காலமாக ஆடிவரும் பிரெஞ்சுத் தற்காப்பு என்ற தொடக்கத்துக்கு எதிராக அவள் சிப்பாயை ஈ5 கட்டத்துக்கு (எழுத்து நெடுக்கு வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்) முன்னேற்றி, பின்னர் மந்திரியை டி3இல் வைத்தாள். என் அரசி பி6இலும் குதிரை சி6இலும் நின்று டி4 சிப்பாயைக் குறிவைத்திருக்கும்போது இப்படி வைப்பது கவனக்குறைவு போலத் தோன்றும். ஆனால் சிப்பாய்களை மாற்றிக்கொண்டபின் அவசரப்பட்டு டி4ஐக் குதிரையால் வெட்டி, திரும்ப வெட்டும் குதிரையை அரசியாலும் வெட்டினால், வெள்ளை மந்திரி பி5க்குத் தாவிச் செக் வைக்கும்; திறந்துவிட்ட டி வரிசையின் வழியே என் அரசி பறிபோகும். முதலில் மந்திரியை டி7இல் நிறுத்திவிட்டே சிப்பாயை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் வெள்ளைக்கு வேகமான தாக்குதல் கிடைக்கும் என்பதுதான் மில்னர்-பாரி பலியாட்டத்தின் அடிப்படை. அதற்குப் பெயர் தந்த ஸ்டூவர்ட் மில்னர்-பாரி, இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்தவர்களில் ஒருவர். அவர் ஆடிய வழியில் கொட்டாஞ்சேனைச் சிறுமி ஒருத்தி இன்று என்னை நெருக்கினாள்.

சிப்பாயை எடுத்துக்கொண்டு நெடுநேரம் தற்காத்து, அரசிகள் மாறிய பின்னர் வென்றேன். அவள் அழவில்லை, காய்களை அடுக்கிக்கொண்டே, “ஆன்ட்டி, நீங்க டி7 வைக்காம எடுத்திருந்தா ராணி போயிருக்கும்தானே?” என்று கேட்டாள். அந்தப் பொறியையே எதிர்பார்த்து ஆடினாளா, அதற்குப் பிறகு என்ன செய்ய எண்ணியிருந்தாள் என்று நான் கேட்கத் தொடங்கியபோது, தாயார் தொலைபேசியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்து, நகர்வுத் தாளைப் பார்த்து ஆட்டத்தை அதில் ஏற்றலானார். அதிலிருந்த என்ஜின், அதாவது ஆட்டத்தைக் கணிக்கும் மென்பொருள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் எண்ணைக் காட்டியது. எண் வந்தவுடன் சிறுமியின் கேள்விகள் நின்றுவிட்டன. தாயாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பத்து நிமிடங்களில் அந்தப் பிள்ளை சொல்லவிருந்ததைக் கேட்க முடியாமற் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சனி

இரண்டு சுற்றுகள். பிற்பகலில் நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதிராளி நேர நெருக்கடியில் ஒரு கோட்டையை இழந்தார், நான் வென்றேன், அவர் உடனே கிளம்பிவிட்டார். காலையில் நடந்த ஆட்டத்தைத்தான் எழுத வேண்டும்.

எதிரில் உட்கார்ந்தவர் மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் சிங்கள மாணவர். ஆட்ட வலிமையைக் காட்டும் எண்ணான தரப்புள்ளியில் என்னைவிட நானூறுக்கு மேல் உயர்ந்தவர். மீண்டும் பிரெஞ்சுத் தற்காப்பு, மீண்டும் ஈ5 முன்னேற்றம். இந்தத் தொடக்கத்தை ஆடுபவர்களுக்கு வாழ்நாள் சுமையாக அமைவது வெள்ளைக் கட்டங்களில் ஓடும் மந்திரி. ஈ6இலும் டி5இலும் நிற்கும் சொந்தச் சிப்பாய்களே அதன் வழியை அடைத்துவிடுகின்றன. நான் எஃப்6இல் சிப்பாயை நகர்த்தி மையத்தை உடைக்கும் திட்டத்தோடு காய்களை ஒழுங்குபடுத்தினேன். பதினெட்டாவது நகர்த்தலில் அவர் ஏறத்தாழ இருபது நிமிடம் அசையாமல் யோசித்தார்; பிறகு குதிரையை மிகச் சாதாரணமான ஒரு கட்டத்துக்கு நகர்த்தினார். அங்கிருந்து என் நிலை சிறிது சிறிதாக இறுகிக்கொண்டே போய், நாற்பதாவது நகர்த்தலுக்கு முன்பே ஆட்டம் அவர் கைக்குப் போய்விட்டது. கைகொடுத்தேன்.

அடுத்த சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது. அவர் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டே, விறாந்தைப் படியில் பலகையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆங்கிலத்தில் கொஞ்சம், என் அரைகுறைச் சிங்களத்தில் கொஞ்சம், மீதியைக் கைகளால் பேசிக்கொண்டோம். பதினெட்டாவது நகர்த்தலில் அவ்வளவு நேரம் எதை எண்ணினீர்கள் என்று கேட்டேன். எஃப்6 உடைப்புக்குத்தான் அஞ்சியதாகவும், அதற்குப் பிறகு நான் குதிரையை ஈ5இல் பலியிட்டு அவருடைய அரசனைத் திறந்துவிடும் ஒரு தொடரைக் கண்டு, அதை முறியடிக்க வழி தெரியாமல் தடுமாறியதாகவும் சொன்னார். அந்தத் தொடரை நான் பார்த்திருக்கவே இல்லை. அவர் எனக்காக ஒரு தாக்குதலை உருவாக்கி, அதற்கு அஞ்சி, அதைத் தடுக்க ஒரு காயை நகர்த்தியிருந்தார். அந்த அச்சத்தின் விளைவாகவே ஆட்டம் அந்த வடிவத்தை எடுத்தது. பின்னர் அவர் தன் பங்குக்கு எனக்கு வேறொன்றைக் காட்டினார்: அடைபட்ட மந்திரியை அங்கேயே வைத்துக்கொண்டிருப்பதைவிட, பி6இல் சிப்பாயை நகர்த்தி, ஏ6 வழியாக அதை வெளியே கொண்டுவந்து வெள்ளையின் நல்ல மந்திரியோடு மாற்றிக்கொள்வது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை மூன்று நிலைகளை அமைத்து விளக்கினார். பிரெஞ்சுத் தற்காப்பில் இது பழைய உத்தி, நானும் படித்ததுதான்; ஆனால் தன் நல்ல மந்திரியை இழக்க நேருமோ என்று கவலைப்பட்ட ஒருவரின் வாயிலிருந்து அதைக் கேட்டபோது, எந்த நொடியில் அதைச் செய்ய வேண்டும் என்பது எனக்கு முதன்முறையாகப் புலப்பட்டது.

இரவு வீட்டுக்கு வந்து அந்த ஆட்டத்தை ஸ்டொக்ஃபிஷ் என்ற என்ஜினில் இட்டுப் பார்த்தேன். பதினெட்டாவது நகர்த்தலில் அது நான்கு வழிகளைத் தந்தது. நான்குக்கும் மதிப்பு ஏறத்தாழ ஒன்றே. அவர் அஞ்சிய குதிரைப் பலி அந்த வழிகள் எதிலும் வரவில்லை, ஏனெனில் அது உண்மையில் பலிக்காது. நிலையின் மதிப்பை என்ஜின் நம் எல்லாரையும்விட நன்றாகச் சொல்லும்; அதில் எனக்கு விவாதமே இல்லை. ஆனால் எதிரில் இருந்த மனிதர் இருபது நிமிடம் எதைக் கண்டார் என்பது எந்த நகர்வுத் தாளிலும் எழுதப்படுவதில்லை, எந்தத் தரவுத்தளத்திலும் சேர்க்கப்படுவதில்லை. அதை அறிய ஒரே வழி அவரிடமே கேட்பதுதான், அதுவும் சூடு ஆறுவதற்குள்.

ஞாயிறு

காலை ஆட்டத்தில் பள்ளி மாணவன் ஒருவனிடம் தோற்றேன். அவனுடைய தரப்புள்ளி என்னுடையதைவிட இருநூறு குறைவு. எலோ முறையின்படி இருநூறு புள்ளி குறைந்தவரோடு நான்கு ஆட்டங்கள் ஆடினால் ஏறத்தாழ மூன்று புள்ளி எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இயற்பியல் பேராசிரியரான அர்பாட் எலோ வகுத்த இந்த முறையை உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றது. ஓர் ஆட்டத்தால் எண் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் மாற்றக் கெழு என் போன்றவர்களுக்கு 20 என்பதால் இத்தோல்வியால் எனக்கு 15 புள்ளி குறையும். 18 வயதுக்கு உட்பட்ட அந்த மாணவனுக்குக் கெழு 40, ஆகவே அவனுக்கு 30 கூடும். பிள்ளைகள் வாரத்துக்கு வாரம் வளர்கிறார்கள், அவர்களுடைய எண்ணோ பின்தங்கியே வருகிறது. இடையில் நிற்கும் வளர்ந்த ஆட்டக்காரர்களின் புள்ளிகள் இப்படியே கரைந்துபோகின்றன. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபிடே 2000க்குக் குறைவான எல்லாருடைய எண்ணையும், 2000க்கும் அதற்கும் உள்ள இடைவெளியில் 40 வீதம் கூட்டி உயர்த்தியது. 1600இல் இருந்தவர் ஒரே நாளில் 1760 ஆனார். கீழெல்லையும் 1400 ஆக்கப்பட்டது. இது நியாயமான திருத்தம் என்றே நினைக்கிறேன். அதே வேளை, ஓரிரவில் இவ்வளவு நகரக்கூடிய ஓர் எண்ணை என் இத்தனை வருட உழைப்பின் அளவுகோலாக வைத்துக்கொள்ள நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பிற்பகலில் கல்கிசையைச் சேர்ந்த ஓர் ஓய்வூதியர். பல போட்டிகளில் சந்தித்திருக்கிறோம். அவர் என்னை “ரீச்சர்” என்பார், நான் அவரை “ஐயா” என்பேன். ஆட்டம் கோட்டை இறுதியாட்டமாகச் சுருங்கியது. அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். கடைசியில் அவருடைய அரசன் டி5இல், சிப்பாய் ஈ5இல், கோட்டை எச்7இல். என் அரசன் ஈ8இல். இந்த இடத்தில் நான் என் கோட்டையை ஆறாவது வரிசையில் நிறுத்தி, வெள்ளை அரசனை அந்த வரிசைக்குள் வரவிடாமல் மறித்துக்கொண்டிருக்க வேண்டும். சிப்பாய் ஈ6க்கு வந்த கணத்திலேயே கோட்டையை முதலாவது வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அரசன் ஒளியக்கூடிய ஈ6 கட்டத்தை அவருடைய சிப்பாயே பிடித்துக்கொண்டுவிட்டதால் செக்குகளிலிருந்து தப்ப வழியில்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் லண்டனிலும் வாழ்ந்த பிலிடோர் என்ற இசையமைப்பாளர் கண்டு சொன்ன தற்காப்பு இது. சமநிலை.

கைகுலுக்கியதும் ஐயா எழுந்து போகவில்லை. “ரீச்சர், கோட்டையைப் பின்வரிசையிலேயே வச்சிருந்தா எப்படியிருக்கும்? பாப்பம்” என்றார். மண்டபத்தில் மற்ற ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்ததால், காய்களை எடுத்துக்கொண்டு பின்பக்க மாமரத்தடிக்குப் போனோம். கோட்டை எட்டாவது வரிசையில் அடைந்து கிடந்தால், நடுச் சிப்பாய்க்கு எதிராகத் தோல்விதான் என்பதை இருவரும் அறிவோம். ஆனால் ஏன் தோல்வி, எந்த நகர்த்தலில் அது உறுதியாகிறது என்பதைக் கையால் தொட்டு அறிய அவர் விரும்பினார். பிறகு அதே நிலையை ஒரு வரிசை வலப்புறம் தள்ளி எஃப் சிப்பாயோடும், இன்னொரு வரிசை தள்ளி ஜி சிப்பாயோடும் அமைத்துப் பார்த்தோம். ஜி வரிசைக்கு வந்ததும் கதை மாறிவிடுகிறது. பலகையின் ஓரம் நெருங்கிவிடுவதால் வெள்ளைக் கோட்டைக்குச் சுற்றி வர இடம் போதாமல், பின்வரிசையில் ஒதுங்கிய தற்காப்பே சமநிலைக்குப் போதுமானதாகிறது. இந்த விதி புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கும். ஐயாவும் நானும் அந்த ஒற்றை வரிக்குள் பொழுது சாயும்வரை இருந்தோம்.

ஒரு காலத்தில் ஆட்டங்கள் நாற்பது நகர்த்தலுக்குப் பின் இடைநிறுத்தப்பட்டு, அடுத்த நகர்த்தலை உறையில் இட்டு முத்திரையிட்டு, மறுநாள் தொடரப்பட்டதை ஐயா நினைவுகூர்ந்தார். இரவு முழுவதும் நண்பர்கள் கூடி அந்த நிலையை ஆராய்வார்களாம். கணினிகள் வலுப்பெற்றதும் 1990களில் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. வீட்டில் ஓர் இயந்திரம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது இடைநிறுத்தத்துக்குப் பொருள் இல்லை. அது தவிர்க்க முடியாத முடிவுதான். ஆட்டத்துக்குப் பிந்திய பகுப்பாய்வும் அதே வழியில் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஏனெனில் அதன் நோக்கம் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிப்பது மட்டும் அல்ல.

திங்கள்

இன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, இறுதிச் சுற்று. நானூறு ரூபாய்ப் பலகை தொடங்கி அழகிய மரப்பலகைகள்வரை விறாந்தையில் பிள்ளைகள் விரித்து வைத்து மின்னல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் ஆட்டம் அட்டனிலிருந்து வந்த ஒரு பையனோடு, சமநிலையில் முடிந்தது. முடிந்த சிறிது நேரத்திலேயே மேசைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பகுப்பாய்வுக்கு என்று தனி மேசை எங்கும் போடப்படவில்லை. அமைப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. சிக்கல் நேர அட்டவணையில் இருக்கிறது. ஆளுக்கு 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 நொடியும் என்றால், அறுபது நகர்த்தல் வரை நீளும் ஆட்டம் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் இரண்டு சுற்றுகளை அடக்கினால் இடையில் சோறு தின்னவே நேரம் போதாது. பிள்ளைகள் விறாந்தைக்கு வந்ததும் தொலைபேசியை நீட்டும் பெற்றோர், அந்த அவசரத்தில் கிடைக்கும் ஒரே பதிலைத்தான் தேடுகிறார்கள்.

பையனும் நானும் என் சுருட்டுப் பலகையைப் படிக்கட்டில் விரித்து, அவன் பேருந்துக்குப் புறப்படும் நேரம்வரை பார்த்தோம். என் அரசியின் பக்கத்துச் சிப்பாய்களை ஏன் தாக்காமல் விட்டான் என்று கேட்டேன். “நீங்க அத எதிர்பாத்து இருக்கிறீங்கன்னு நெனச்சேன் மிஸ்” என்றான். நான் எதிர்பார்த்திருக்கவில்லை என்று சொன்னதும், அந்தத் தாக்குதலை அவன் உடனே பலகையில் நடத்திக் காட்டினான். அது வலுவானதாகவே இருந்தது, பதின்மூன்று நகர்த்தல்கள்வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த தவணையில் எங்கள் பாடசாலையில் நடத்தவிருக்கும் போட்டிக்கான அட்டவணையை இன்றிரவு பேருந்தில் திருத்தி எழுதப் போகிறேன். ஆளுக்கு 60 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 நொடியும் வைத்தால் அறுபது நகர்த்தல் ஆட்டமும் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். அப்போதும் அது நேரம் குறைந்த விரைவாட்டம் என்ற வகைக்குள் போய்விடாது. மிச்சமாகும் நேரத்தில் ஒன்றரை மணியைச் சுற்றுகளுக்கு இடையே ஒதுக்கி, மண்டபத்துக்கு அடுத்த வகுப்பறையில் பத்து மேசைகளைப் பலகைகளோடும் காய்களோடும் போட்டுவைக்க வேண்டும். தொலைபேசிகள் அந்த ஒன்றரை மணி நேரமும் உறைக்குள்ளேயே இருக்கும். பெற்றோரும் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கலாம். இதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள், அவர்களோடு பேச வேண்டும்.